பழைய வண்டிகளைக் காணச் செல்லுதல்

கொழும்பு மாநகரில் ஒரு காலத்தில் டிராம்வண்டி ஓடியது என்று சொன்னால், இன்று நம் வகுப்பறைகளில் இருக்கும் மாணவருட் பலர் அதனைக் கதையென்றே கேட்பர். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரையும், புறக்கோட்டையிலிருந்து மருதானை வழியாகப் பொறளை வரையும், 1899 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அவ்வண்டிகள் ஓடின. பூஸ்ரெட் சகோதரர் என்னும் ஆங்கில வணிக நிறுவனத்தார் தொடங்கிய இச்சேவையை 1944 இல் மாநகரசபை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1953 இல் அதற்கு மாற்றாக டிரொலி பஸ் வந்தது. 1960 இல் டிராம் முற்றாக நின்றது; 1964 இல் டிரொலி பஸ்ஸும் நின்றது. கொட்டாஞ்சேனையில் வாழும் முதியோர் சிலர் இன்றும் கிராண்ட்பாஸ் டிராமின் மணியோசையை நினைவுகூர்வர். அவர்களுக்குப்பின் அதனை நினைப்பார் யார் என்னும் வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மேல்நாடுகளிற் பழைய புகையிரதங்களையும் டிராம்வண்டிகளையும் பேணிக் காத்து, அவற்றைக் காண வருவோரை ஏற்றிச் செல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் மேயின் மாநிலத்திலுள்ள சீஷோர் டிரொலி நூதனசாலை 1939 இலேயே தொடங்கிற்று. வேல்சு நாட்டின் டலிலின் இருப்புப் பாதையை 1951 இல் ஊதியம் பெறாத அன்பர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினர். அத்தகைய முயற்சிகளுள் அதுவே முதலாவது என்பர். இங்கிலாந்தின் டார்பிசயர் கோட்டத்துக் கிரிச் என்னும் ஊரிலே டிராம் நூதனசாலை அமைந்தது 1959 இல். நாம் நம் டிராமைக் கைவிட்டதற்கு ஓராண்டு முன்னரே, ஆங்கிலேயர் தாம் கைவிட்டவற்றைத் தேடித் தொகுக்கத் தொடங்கிவிட்டனர். சென்னை மாநகரோ 1895 இல், இந்தியாவிலேயே முதன்முதலாக, மின் டிராமை ஓட்டி 1953 இல் நிறுத்திவிட்டது. கல்கத்தாவில் எஸ்பிளனேட் பகுதியில் ஒரு பழைய டிராம்வண்டியையே சிறு நூதனசாலையாக்கி 2014 இல் திறந்தனர்.

டிரொலி என்னும் சொல்லின் பொருளை ஈண்டு விளக்குதல் தகும். வண்டியின் கூரைமேல் நீண்டதொரு கழி சாய்ந்து நிற்கும். அதன் நுனியிலுள்ள சிறு சில்லு, தெருவின் மேலே கட்டப்பட்ட செப்புக் கம்பியின் அடிப்பக்கத்தில் உருண்டு செல்லும். அச்சில்லே டிரொலி எனப்பட்டது. பின்னர் அப்பெயர் வண்டிக்கும் ஆயிற்று. கம்பியிலிருந்து இறங்கும் மின்னோட்டம் இயந்திரத்தைச் சுழற்றியபின் இரும்புச் சில்லுகள் வழியாகத் தண்டவாளத்தை அடைந்து மின்னிலையத்துக்கு மீளும். இதனால் டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். டிரொலி பஸ்ஸுக்கோ இறப்பர்ச் சில்லுகள். இறப்பர் மின்னைக் கடத்தாது. ஆதலின் அதற்கு மேலே இரு கம்பிகளும், கூரைமீது இரு கழிகளும் வேண்டும். பழைய கொழும்புப் படங்களைப் பார்ப்போர் வண்டியின் மேலுள்ள கழிகளை எண்ணினாலே அது 1953 க்கு முற்பட்ட முறையா பிற்பட்ட முறையா என அறிந்துகொள்ளலாம்.

வண்டியைப் பார்த்தால் மட்டும் அதன் வரலாறு முழுவதும் விளங்கிவிடாது. 1929 இல் டிராம் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர்; மருதானையில் நிகழ்ந்த கலவரத்திற் பொலிசார் சுட்டனர்; உயிர்கள் மாண்டன. இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி இது. எவ்வளவுதான் மெருகிட்டு நிறுத்தினாலும் ஒரு டிராம்வண்டி இதனைத் தானாகச் சொல்லாது. சொல்லுவோர் உடன் செல்லல் வேண்டும். சுற்றுலாவென்று மாணவரை அழைத்துச் சென்று, படம் பிடிக்கவும் பலகாரம் உண்ணவும் விட்டுவிட்டுத் திரும்பும் ஆசிரியருள் யானும் ஒருவனாக இருந்ததுண்டு என்பதை மறைக்கவில்லை.

இனி நம் நாட்டில் உள்ளதைக் காண்போம். தேசிய புகையிரத நூதனசாலை 2009 இல் மருதானைக்கு அருகேயுள்ள பழைய கொழும்பு முடிவிட நிலையத்தில் தொடங்கியது. 2014 திசம்பர் 27 இற் கடுகண்ணாவைக்கு மாறியது. நாள் பொருத்தமானது. 1864 ஆம் ஆண்டு அதே நாளிலேதான் இலங்கையின் முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 54 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அம்பேபுசைக்கு ஓடியது. இடமும் பொருத்தமானதே. கோப்பியை மலைநாட்டிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதே அப்பாதையின் நோக்கம். 1867 இற் கண்டியை எட்டுதற்கு, றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள மலைச்சரிவை வெல்ல வேண்டியிருந்தது. அங்கே 45 அடி செல்ல ஓரடி ஏற்றம். இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமநிலத்திற் பெருஞ்சுமையை எளிதாக இழுக்க முடிவது அதனாலேதான். ஏற்றத்திலோ அக்குறைவே பகையாகிறது. சில்லு சுழலும், வண்டி நகராது. எனவே முன்னும் பின்னும் இயந்திரம் பூட்டி ஏற்றினர். நீலகிரி மலைப்பாதையில் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் அளவினது. அங்கு வெறும் உராய்வு உதவாதாகையால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, இயந்திரத்தின் பற்சில்லு அதனைக் கவ்வி ஏறுமாறு செய்தனர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையுள்ள அந்த 46 கிலோமீற்றர்ப் பாதையை 2005 இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனம் உலக மரபுரிமையாக ஏற்றது. ஆங்குச் செல்ல வாய்ப்புடையோர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக.

கடுகண்ணாவைக்குப் புகையிரதத்திலேயே செல்வது சாலச் சிறந்தது. ஏற்றத்தை உடலால் உணர்ந்தபின் நூதனசாலையைக் கண்டால் ஆங்குள்ள இரும்பு பேசத் தொடங்கும். ஆயினும் அது மண்சரிவுக்கு ஆளாகும் வழி. வண்டி ஓடுகின்றதா என முன்னரே விசாரித்துக்கொள்க.

நிற்கும் இயந்திரம் வேறு, ஓடும் இயந்திரம் வேறு. தெமட்டகொடைப் பணிமனையைச் சார்ந்த சில நீராவி இயந்திரங்கள் அண்மைக் காலம்வரை பேணப்பட்டன. 1986 முதல் ‘வைஸ்ரோய் விசேடம்’ என்னும் சுற்றுலா வண்டியை அவை இழுத்ததுண்டு. நீராவி இயந்திரத்தை ஓட்டுதல் எளிதன்று. பல மணி நேரத்துக்கு முன்னரே தீ மூட்டல் வேண்டும். கொதிகலத்தைக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும். கெட்ட நீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். இவற்றைப் புத்தகத்திற் கற்றுவிட முடியாது. கையால் அறிந்தவர் கையாற் காட்டிக் கொடுக்க வேண்டும். இலங்கையில் 1950 களிலே டீசல் இயந்திரங்கள் பெருகத்தொடங்கின. கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 இற் கனடா தந்தவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களை இட்டனர். அவை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்தன. நூதனசாலைக்கு உரிய வயதில் நாள்தோறும் வேலைக்குச் சென்றன என்று வேடிக்கையாகக் கூறலாம்.

நுழைவுச்சீட்டு இன்றியே காணக்கூடிய நூதனசாலையும் கொழும்பில் உண்டு. களனிப் பள்ளத்தாக்குப் பாதை 762 மில்லிமீற்றர் அகலமுள்ள சிறு பாதையாக அமைந்து, 1990 களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. தண்டவாளம் மாறினும் வளைவுகள் மாறவில்லை. சிறு வண்டிக்கென வெட்டிய அக்கூரிய வளைவுகளிற் பெரிய வண்டி இன்றும் மெல்லவே திரும்புகின்றது. நேரமாயிற்றென்று பயணிகள் சலிக்கும் அத்தாமதம் நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

நம்மவர்க்கு மிக அண்மையிலுள்ள பாடம் வடபாதையே. 1956 இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி, 1990 இற் போரினால் யாழ்ப்பாணத்துக்குச் செல்லாது நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. நிலையங்கள் சுவராக நின்றன. இருபத்துநான்கு ஆண்டுகளின்பின், 2014 ஒக்டோபரில் வண்டி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறை வரை சென்றது. அவ்விடைக்காலத்திற் குடாநாட்டிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பாடப்புத்தகத்துப் படத்திலே மட்டும் புகையிரதத்தைக் கண்டவர்கள். அவர்களுட் சிலர் இன்று ஆசிரியர்களாகவும் உள்ளனர்.

அந்தத் தண்டவாளத் துண்டொன்று, பதுங்குகுழியிற் கிடந்த துருவுடனேயே, கடுகண்ணாவையில் உள்ள பளபளப்பான இயந்திரங்களுக்கு அருகில் வைக்கத்தக்கது என்பது என் கருத்து. அது கிடைக்கும்வரை, வெள்ளவத்தை நிலையத்திற் கடலைப் பார்த்தபடி கோட்டை வண்டிக்குக் காத்து நிற்கும் மாணவர், தம் வீட்டு முதியவரிடம் 1990 க்கு முன் யாழ்தேவியிற் கொழும்புக்கு வந்த பயணத்தைக் கேட்டு எழுதிவைப்பாராக: எந்நிலையத்தில் ஏறினர், யார் வழியனுப்பினர், கட்டுச்சோற்றை எங்கே அவிழ்த்தனர் என்பன யாவும்.