பள்ளிக்கூட வாசல் திறந்திருக்கட்டும்



2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியில் மதிய உணவுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சமையற்கூடத்துக் கீற்றில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்.

அதன் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பதில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவி வைக்கவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் உத்தரவிட்டது. ஆனால் கும்பகோணத்தில் பிள்ளைகளைக் கொன்றது கீற்று மட்டுமல்ல. நெரிசலான வகுப்பறையும் குறுகலான படிக்கட்டும் சேர்ந்தே கொன்றன. கீற்று போய்விட்டது. குறுகலான படிக்கட்டு இன்னும் எத்தனையோ கட்டடங்களில் இருக்கிறது.

இன்னொரு சம்பவம் புனித மக்காவில் நடந்தது. 2002 மார்ச் 11 அன்று அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தீப்பிடித்து 15 மாணவிகள் உயிரிழந்தார்கள். வாயிற்கதவு பூட்டியிருந்ததும் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலும் அந்த உயிரிழப்புக்குக் காரணமாயின. இதை நாம் குறிப்பாக நினைத்துப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் படிக்கும் இடம் என்றாலே வெளியே பெரிய பூட்டாகத் தொங்கவிடுவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். வாட்ச்மேன் டீக்கடையில் இருப்பார். அந்நியர் உள்ளே வராமலிருக்க வேண்டும் என்பது நியாயமான கவலைதான். அதற்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போதும். வெளியே பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு சாவி எப்போதும் உள்ளே, வகுப்பெடுக்கும் உஸ்தாத் கையில் இருக்க வேண்டும். பின்வாசல் இருந்தால் வகுப்பு நேரம் முழுவதும் அது திறக்கும் நிலையில் இருக்க வேண்டும். பழைய பெஞ்சுகளை அடுக்கி வைக்கிற இடமாக அதை ஆக்கிவிடக் கூடாது.

மாலை மக்தப் நடக்கும் மாடிகளைப் பாருங்கள். படிக்கு இரண்டு ஜோடியாகச் செருப்பு கிடக்கும். கீழே வாசலை அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். மின்சாரம் போன நேரத்தில் நாற்பது பிள்ளைகள் அந்தப் படியில் ஓடி இறங்கினால் என்ன ஆகும்? நூறு ரூபாய்ச் செலவுகூட இல்லாமல் இன்றைக்கே சரிசெய்யக்கூடியது இது. செருப்புக்குக் கீழே ஒரு மூலை ஒதுக்கினால் போதும்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மதீனாவில் ஒரு வீடு இரவில் தீப்பிடித்து எரிந்த செய்தி வந்தபோது நபி (ஸல்) அவர்கள், உறங்கப் போகும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி கட்டளையிட்டார்கள் என்பதும் ஹதீஸில் இருக்கிறது.

இனி பெற்றோர் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் போன் நம்பர். பள்ளிப் பதிவேட்டில் பெரும்பாலும் அத்தாவின் நம்பர்தான் இருக்கும். அத்தா ரியாத்திலோ துபாயிலோ இருப்பார். அல்லது ஒரகடம் கம்பெனியில் ஷிப்டில் இருப்பார். உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இருக்காது. ஆகவே தாயின் நம்பரும், அதே தெருவில் பகலில் வீட்டிலிருக்கும் ஒருவரின் நம்பரும் கட்டாயம் கொடுங்கள். நம்பர் மாற்றினால் அன்றே தெரிவியுங்கள்.

நம் பகுதியில் மழைக்காலத்துக்கும் இது பொருந்தும். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். முன்கூட்டியே விடுமுறை அறிவித்துவிட்டால் கவலையில்லை. காலையில் வெயிலடித்து மதியம் கொட்டத் தொடங்கும் நாளில்தான் சிக்கல். பள்ளியைச் சீக்கிரம் விடுவார்கள், வீடு பூட்டியிருக்கும். அப்படி நடந்தால் எந்தக் குப்பி வீட்டுக்கு, எந்த மாமி வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

ஆபத்து என்று செய்தி வந்தால் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குத்தான் பறப்போம். பெற்ற மனம் அப்படித்தான். ஆனால் மறைமலைநகரிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ வரும் தீயணைப்பு வண்டி ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைத் தாண்டி வந்து, கடைசியில் நம் மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் நிற்கும்படி ஆகலாம். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பிள்ளையைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லி, பதிவேட்டில் குறித்த பிறகே கூட்டி வாருங்கள். கணக்கில் ஒரு பிள்ளை குறைந்தால், அந்தப் பிள்ளையைத் தேடி யாராவது மறுபடி புகைக்குள் போவார்கள். உங்கள் பிள்ளையோ அப்போது வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைகளைப் பற்றி வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு வலிப்பு என்பதை மறைத்து வைக்கும் வழக்கம் நம்மில் இருக்கிறது. கல்யாணப் பேச்சு வரும் என்று ஆறாம் வகுப்பிலேயே அஞ்சுகிறோம். அந்த ஆசிரியர் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

தீக்காயம் பட்டால் பற்பசை, இங்க், மாவு எதுவும் பூசக் கூடாது. இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பெரிய காயமென்றால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீரில் வையுங்கள். தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112, வெள்ளம், புயலுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

பள்ளி வேனையும் பாருங்கள். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன் பிறகே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. வாரம் ஒருநாள் வேனுக்குள் ஏறிப் பார்க்க எந்தப் பெற்றோருக்கும் ஐந்து நிமிடம்தான் ஆகும்.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது? கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கக் கூடாது. தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா, தீ ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது என்று அங்கே கேளுங்கள். தனியார் பள்ளியில் கட்டணம் கட்டப் போகும்போது கேளுங்கள். குறை சொல்லும் குரலில் கேட்க வேண்டாம். நம்மில் எலக்ட்ரீஷியன்கள், வெல்டர்கள், நர்ஸ்கள் இருக்கிறார்கள். "ஒருநாள் வந்து வயரிங்கைப் பார்த்துத் தருகிறேன்" என்று சொல்லும் பெற்றோரை எந்தத் தலைமையாசிரியரும் திருப்பி அனுப்ப மாட்டார்.

கதவு மாற்றவோ கம்பி வெட்டவோ பணம் இல்லாத மக்தப்கள் நம் அறக்கட்டளைக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதலாவதாக எடுத்துக்கொள்கிறோம். விண்ணப்பத்தோடு படிக்கட்டு, வாசல் இரண்டின் புகைப்படமும் இருக்கட்டும். வகுப்பு நடக்கும் நேரத்தில் எடுத்த படமாக இருந்தால் நல்லது.