பளபளக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் என்ன நடக்கிறது தெரியுமா?

உலகத்திலேயே அதிகம் விற்ற, கூரையைத் திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் எது தெரியுமா? ஃபெராரி இல்லை, போர்ஷேயும் இல்லை. ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5! 1989-இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக முகம் காட்டிய இந்தக் குட்டிக் கார், 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்டது. பிரிட்டனின் பழைய கார் சந்தையில் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. என்ஜின் லேசில் படுக்காது. அங்கே இந்தக் காரைக் காயலான் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் துருதான்!

அது நுழையும் வழியைக் கேளுங்கள். துணிக்கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் வழிந்து, இரு ஓரத்திலும் உள்ள சின்ன ஓட்டைகளில் இறங்கி, குழாய் வழியே பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்ட வேண்டும். நாலு இலைச் சருகு அந்த ஓட்டையை அடைத்தால் போதும், தண்ணீர் திசை மாறிவிடும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிறதே பெட்டி வடிவ இரும்பு, ‘சில்’ என்பார்களே, அதற்குள் புகுந்து தங்கும். பிறகு துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். பெயின்டில் மிளகு அளவு கொப்புளம் கிளம்பும்போது உள்தகடு இற்றே போயிருக்கலாம்! அதனால் பின்சக்கர வளைவுக்கு முன்னால் சில் முடியும் இடத்தைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும்.

1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் இன்னொரு மர்ம இடம் உண்டு: முன்பக்க சேஸிஸ் ரெயில், அதாவது காரைத் தாங்கும் நீள இரும்புச் சட்டம். பலத்துக்காக உள்ளே கூடுதல் தகடு வைத்தார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் சிக்கிக்கொண்டது! அடியில் பிளாஸ்டிக் மூடி இருப்பதால் அதைக் கழற்றாமல் எதுவும் கண்ணில் படாது.

குளிர்காலத்தில் பிரிட்டனில் சாலையில் உப்பு தூவுவார்கள். செறிவான உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் இருக்கும் என்பது தெரியுமா? அந்த நீர்தான் அடிப்பாகத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடக்கிறது. இன்னும் ஆச்சரியம்: உப்பு ஒட்டிய காரைக் கழுவாமல் கதகதப்பான கராஜில் விடுவது, வெளியே கடுங்குளிரில் விடுவதைவிட மோசம். சூடு ஏற ஏறத் துருவுக்கு வேகம்!

துருவே பிடிக்காத உடம்பு என்று நினைத்து ஏமாறவும் வழி இருக்கிறது. ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் வரும் டெலோரியன் காரின் வெளித்தகடு துருப்பிடிக்காத எஃகு. கீழே அதைத் தாங்கும் சேஸிஸோ சாதா இரும்பு, மேலே எபாக்ஸி பூச்சு. பூச்சு விரிசல் விட்டால் கதை முடிந்தது. கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபைபர் உடம்பு. அதற்குள்ளே கண்ணாடியையும் கதவையும் பிடித்து நிற்கும் இரும்புக் கூடு, பழைய கார்வெட்களில் யாருக்கும் தெரியாமல் உளுத்துப்போகும். போர்ஷே மட்டும் 1970-களின் நடுவிலேயே தன் 911 காரின் உடம்புத் தகட்டுக்கு இருபுறமும் துத்தநாகம் பூசத் தொடங்கிவிட்டது. இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். என்ன அருமையான ஏற்பாடு!

சரி, எப்படிச் சோதிப்பது? காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்னும், இற்றது மொத்தென்னும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கலாம். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் இரண்டு தகடு சேரும் மடிப்பு வாய் பிளந்திருந்தால் உஷார். பழைய காரின் அடியில் மட்டும் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு மின்னினால் இரட்டிப்பு உஷார்!

பிரிட்டனில் ‘எம்ஓடி’ என்ற வருடாந்திரச் சோதனை உண்டு. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், சீட் பெல்ட் மாட்டிய இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துரு பலத்தைக் குலைத்திருந்தால் ஃபெயில். ஆனால் சோதிப்பவர் மூடிகளைக் கழற்றிப் பார்ப்பதில்லை, அதனால் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். வண்டி எண்ணைத் தட்டினால் பழைய சோதனை முடிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ‘துரு’ என்ற குறிப்பு வருடா வருடம் வந்துவிட்டுத் திடீரென்று மறைந்திருந்தால் வெல்டிங் பில்லைக் கேளுங்கள்.

லண்டனிலோ டொரொண்டோவிலோ பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடும் நம்மவர்களே, காரைத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்ட விற்பவர் மறுத்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்!