உடற்கட்டுப் பயிற்சி அட்டவணையை விருப்பம்போல் மாற்றலாமா? மாற்றக்கூடியவையும் கூடாதவையும்

வித்துரா: திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் வித்துரா. விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டச் செல்லும் தொழிலாளர்களும், இங்குள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் இரவு வரை ஆய்வகத்தில் இருக்கும் மாணவர்களும் வாழும் ஊர் இது. இவ்விருவரிடமும் வாரத்தில் ஆறு நாள் செய்யவேண்டிய ஒரே உடற்பயிற்சி அட்டவணையைக் கொடுத்தால், சில வாரங்களிலேயே இருவரும் அதைக் கைவிடக்கூடும். அட்டவணையில் பிழை இருக்காது. ஆனால் அது அவர்களின் வாழ்க்கையைக் கருதி எழுதப்பட்டதன்று.

கொச்சியைச் சேர்ந்த சித்தரேஷ் நடேசன், 2019 நவம்பரில் தென்கொரியாவின் ஜெஜு தீவில் நடைபெற்ற உலக உடற்கட்டுப் போட்டியில் 90 கிலோ பிரிவிலும் ஒட்டுமொத்தப் பிரிவிலும் வென்று ‘மிஸ்டர் யுனிவர்ஸ்’ பட்டம் பெற்றார். இத்தகைய சாதனையாளர்களின் பயிற்சி முறையை அப்படியே பின்பற்ற இளைஞர்கள் விரும்புவது இயல்பு. எனினும், புகழ்பெற்ற அட்டவணைகள் பலவும், முன்பிருந்த ஒன்றை ஒருவர் தமக்கேற்ப மாற்றிக்கொண்டதால் உருவானவையே.

‘ஸ்பிளிட்’ என்றால் என்ன?

உடலின் தசைகளைப் பிரித்து, எந்த நாளில் எந்தத் தசைக்குப் பயிற்சி என்று வகுப்பதே ஸ்பிளிட். நெஞ்சு, தோள், கையின் பின்தசை ஆகியவற்றுக்கு ஒரு நாள், முதுகுக்கும் கையின் முன்தசைக்கும் ஒரு நாள், கால்களுக்கு ஒரு நாள் என அமைவது ‘புஷ்-புல்-லெக்’ முறை.

1950-இல் ‘மிஸ்டர் யுனிவர்ஸ்’ பட்டம் வென்ற ஸ்டீவ் ரீவ்ஸ், வாரம் மூன்று நாள் முழு உடலுக்கும் பயிற்சி செய்தவர். ஏழு முறை ‘மிஸ்டர் ஒலிம்பியா’ ஆன அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர், நெஞ்சையும் முதுகையும் ஒரே நாளில் சேர்த்து, ஆறு நாள் பயிற்சி செய்தார். அமெரிக்கரான ஆர்தர் ஜோன்ஸ், குறைந்த செட்களை முழு ஆற்றலுடன் செய்யும் முழு உடல் பயிற்சியை முன்வைத்தார். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை ‘மிஸ்டர் ஒலிம்பியா’ வென்ற பிரிட்டன் வீரர் டோரியன் யேட்ஸ், அதன் தீவிரத்தை ஏற்றுக்கொண்டு, உடலை நான்கு நாள்களுக்குப் பிரித்துக்கொண்டார்.

ஆய்வுகள் கூறுவது

ஒரு தசைக்கு வாரம் ஒரு முறையைவிட இரு முறை பயிற்சி அளிப்பது கூடுதல் வளர்ச்சி தருவதாக 2016-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது. ஆனால், வாரத்தின் மொத்த செட்கள் சமமாக இருந்தால், எத்தனை நாள்களில் பகிர்ந்து செய்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்று 2019-இல் வெளியான மற்றொரு தொகுப்பு காட்டியது. அதாவது, நாள்களின் எண்ணிக்கையைவிட வாரத்தின் மொத்த அளவே முக்கியம்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆறு நாள் அட்டவணையில் இரு நாள்கள் நெஞ்சுக்குத் தலா 6 செட் என்றால், வாரத்துக்கு 12 செட். அதே 12 செட்டை, உடலின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி எனப் பிரிக்கும் நான்கு நாள் முறையில் மேற்பகுதிக்குரிய இரு நாள்களில் செய்யலாம். மூன்று நாள் முழு உடல் பயிற்சியில் நாளுக்கு 4 செட் வீதம் செய்தாலும் கணக்கு நிறைவடையும்.

விருப்பத்துக்கும் இடமுண்டு. பயிற்சி பெற்ற ஆண்களிடம் எட்டு வாரம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சிகளை மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்கும் ஒரே பயிற்சிகளைச் செய்தவர்களுக்கும் தசை வளர்ச்சி ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆர்வம் மட்டும் முதல் குழுவினரிடம் கூடியிருந்தது.

எதை மாற்றலாம்? எதை மாற்றக்கூடாது?

நாள்கள், வரிசை, பயிற்சியின் வகை ஆகியவற்றை மாற்றலாம். பார்பெல் ஸ்குவாட் பிடிக்காதவர் லெக் பிரஸ் செய்யலாம். மறுநாள் காலை மலைச்சரிவில் மரத்துக்கு மரம் நடக்க வேண்டிய பால்வெட்டும் தொழிலாளி, கால் பயிற்சியை விடுமுறைக்கு முந்தைய மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றக்கூடாதவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு தசைக்கும் உரிய வாராந்திர அளவு. தசை வளர்ச்சிக்குப் பொதுவாகப் பத்து செட் அல்லது அதற்கு மேல் என்பது ஆய்வாளர்கள் பலர் கூறும் அளவு. புதியவர்கள் இதைவிடக் குறைவாகத் தொடங்கினால் போதும். இரண்டாவது, கடும் பயிற்சிக்குப் பின் அதே தசைக்கு ஏறத்தாழ இரண்டு நாள் ஓய்வு. மூன்றாவது, எடையையோ எண்ணிக்கையையோ சிறிது சிறிதாக உயர்த்துவது.

நெஞ்சையும் கையையும் மட்டும் வளர்த்து, முதுகையும் காலையும் விட்டுவிடுவது விருப்பம் ஆகாது, அது தவிர்ப்பு. ஆணழகன் போட்டிகளில் உடலின் சீரான அமைப்புக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், மேடையில் அந்தக் குறை மறையாது.

மாற்றிய அட்டவணையை ஆறு முதல் எட்டு வாரம் பின்பற்றி, தூக்கிய எடையைக் குறித்து வைத்துப் பார்ப்பது நல்லது. வாரந்தோறும் மாற்றினால் எது பயனளித்தது என்று தெரியாது. மூட்டுவலி நீடித்தால் அப்பயிற்சியை நிறுத்த வேண்டும். கடும் தசைவலி, வீக்கத்துடன் சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறினால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக அது இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்.