காற்று எந்த வழியாகப் போச்சு?

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்த தொழிற்சாலையில் 1962-லிருந்து 1980 வரை எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன்னால் இரண்டே இருக்கை. கூரையை மடக்கிவிட்டு முகத்தில் காற்று அடிக்க ஓட்டலாம். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. இன்றைக்கும் அந்தக் கார்களைத் துடைத்துத் துடைத்து வைத்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஆனால் கார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே இருக்கிற எஞ்சினுக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது, அல்லது தாண்டிவிட்டது. அந்த வயதில் அதற்கு வரும் ஒரு வியாதியைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

அந்த எஞ்சின் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. 'பி சீரிஸ்' என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர். நம் ஊர் அம்பாசிடர் காரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். எம்.ஜி.பி.யில் இருப்பது 1798 சி.சி. பின்னால் பிறந்த தம்பி, ஆனால் ஆள் பெரியவன்.

வியாதி எப்படித் தெரியும்? காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். மேட்டில் இழுவை இருக்காது. சிக்னலில் நிற்கும்போது வண்டி குலுங்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், பானெட்டைத் திறக்கும் முன்பே, "ஏதோ ஒரு சிலிண்டர்ல கம்ப்ரஷன் இறங்கியிருக்கும்" என்பார்.

கம்ப்ரஷன் என்றால் அமுக்குவது. எம்.ஜி.பி. எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிஸ்டன் ஏறி இறங்குகிறது. பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதற்கு மேலே சுமார் அரை லிட்டர் இடம். அது உச்சிக்கு ஏறும்போது அந்த அரை லிட்டர் காற்றும் வெறும் 58 மில்லி இடத்துக்குள் திணிக்கப்படுகிறது. அதாவது 8.8-ல் ஒரு பங்கு. பெட்ரோல் கலந்த அந்தக் காற்று எவ்வளவு இறுக்கமாக அமுங்குகிறதோ, பிளக்கில் பொறி விழும்போது அவ்வளவு வலுவாக எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் இது வினாடிக்கு 25 தடவை நடக்கிறது. அமுக்கும்போது காற்று எங்கேயாவது கசிந்தால், அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் சும்மா ஏறி இறங்கும், வேலை செய்யாது.

அமுக்கத்தை அளக்க ஒரு கேஜ் உண்டு. சைக்கிள் கடையில் டயருக்குக் காற்று பார்க்கிறார்களே, அதன் பெரியண்ணன். அதில் பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும்: ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்துகிறது என்ற கணக்கு. நாம் சுவாசிக்கும் வெளிக்காற்றே கடல் மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ. அழுத்துகிறது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ராபர்ட் பாயில் 1662-ல் சொன்ன விதி உங்கள் பாடப்புத்தகத்தில் வரும்: இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும். அப்படியானால் இடம் 8.8-ல் ஒரு பங்கானால் அழுத்தம் 8.8 மடங்கு, சுமார் 129. கேஜ் வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்து எண்ணுவதால் 14.7-ஐக் கழித்துவிடுவோம். 115 வருகிறதா? ஆனால் நல்ல எம்.ஜி.பி. எஞ்சினில் முள் 150, 160 என்று காட்டும். மிச்சம் எங்கிருந்து வந்தது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டிருக்கிறீர்களா? சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகும். சூடான காற்று இன்னும் அதிகமாக அழுத்தும். பாயிலின் விதி வெப்பநிலை மாறாதபோதுதான் சரியாக வரும். அதனால்தான் முள் 115-ஐத் தாண்டிப் போகிறது. கணக்குப்படி இன்னும் மேலேயும் போக வேண்டும். ஆனால் வெப்பத்தில் கொஞ்சத்தைச் சிலிண்டர் சுவர் வாங்கிக்கொள்கிறது. காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வும் சற்றுத் தாமதமாக மூடுவதால் கொஞ்சம் காற்று வந்த வழியே திரும்பிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து 160 பக்கத்தில் நிறுத்துகின்றன. அதுவே எவ்வளவு தெரியுமா? எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள பிஸ்டன் தலையின் மேல் அரை டன்னுக்கும் அதிகமான அழுத்தம். இத்தனைக்கும் பெட்ரோல் இன்னும் எரியவே இல்லை.

இனி சோதனை. (இதைப் பெரியவர்கள் செய்ய, நீங்கள் பக்கத்தில் நின்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஓடும் எஞ்சின் அருகே விரல் வைக்காதீர்கள்.) எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்த வேண்டும், சூட்டில்தான் உலோகம் விரிந்து, பாகங்கள் ஓடும்போது இருக்கிற அளவுக்கு வரும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்ற வேண்டும். பொறி வராதபடி, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும், ஏனென்றால் பிளக் ஓட்டைகள் வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும். பிறகு முதல் ஓட்டையில் கேஜைத் திருகி, ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மற்ற மூன்று ஓட்டைகளிலும் இதையே செய்ய வேண்டும். மிதிக்க மறந்தால், காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரின் கதவு மூடியே இருக்கும், சிலிண்டருக்குள் போதிய காற்று போகாது. நான்கு எண்ணும் படுமோசமாக வரும். எஞ்சினே போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு. பாட்டரி பலவீனமாக இருந்தாலும் இதே கதைதான்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். நல்ல சிலிண்டரில் முதல் அமுக்கத்திலேயே முள் பாதிக்கு மேல் தாவும். அடுத்ததில் இன்னும் ஏறும், ஐந்தாறு அமுக்கத்தில் நின்றுவிடும். முதல் தாவலில் கொஞ்சமாக ஏறி, பிறகு ஒவ்வொரு தடவையும் படிப்படியாக ஏறினால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். முதல் தாவலும் குறைவு, பிறகும் ஏறவில்லை என்றால் வால்வைச் சந்தேகிக்கலாம். கடைசி எண்ணை மட்டும் எழுதுகிறவர்கள் இந்தத் தகவலை வீணாக்குகிறார்கள்.

நான்கு எண்களும் எவ்வளவு பெரியவை என்பதைவிட, ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் டென்வர் நகரம் சுமார் 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றே மெலிசு. கடற்கரையில் 160 காட்டும் அதே எஞ்சின் அங்கே சுமார் 130 தான் காட்டும். எஞ்சினுக்கு ஒரு குறையும் இருக்காது. நான்கும் 130 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். மூன்று 155 காட்டி ஒன்று மட்டும் 100 என்றால் விசாரிக்க வேண்டியதுதான்.

காற்று தப்பிக்க மூன்று வழிகள்தான் முக்கியம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளைத் தாண்டிக் கீழே போகலாம். சரியாக மூடாத வால்வு வழியாக மேலே போகலாம். சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட் வழியாகப் பக்கத்தில் போகலாம்.

எந்த வழி என்று கண்டுபிடிக்க, ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஆயிலை பிளக் ஓட்டை வழியாக அந்தச் சிலிண்டருக்குள் ஊற்றி மறுபடி அளக்கிறார்கள். ஆயில் பிஸ்டனின் ஓரங்களில் இறங்கி, ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைச் சிறிது நேரம் அடைக்கும். வால்வுகள் மேலே இருப்பதால் அவற்றுக்கு ஆயில் உதவாது. ஆகவே, 100 காட்டிய முள் இப்போது 140-க்குத் தாவினால் குற்றவாளி ரிங். 103-லேயே நின்றால் வால்வு, இல்லாவிட்டால் கேஸ்கட். ஒரு கரண்டி ஆயில் செலவில் இவ்வளவு தெரிகிறது! எம்.ஜி.பி.யின் சிலிண்டர்கள் நெட்டுக்குத்தாக நிற்பதால் ஆயில் நான்கு பக்கமும் பரவுகிறது. சிலிண்டர்கள் படுத்திருக்கும் போர்ஷே 911 காரில் ஊற்றினால் ஆயில் ஒரு பக்கமே தேங்கிவிடும். அங்கே இந்த வித்தையை நம்ப முடியாது.

வால்வா கேஸ்கட்டா என்பதைக் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்துகிறார்கள். பிறகு வண்டியைச் சுற்றி நடந்து எங்கே 'உஸ்ஸ்' என்று கேட்கிறது என்று பார்ப்பதுதான். சைலன்சர் குழாயில் கேட்டால், எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே கேட்கிறதா? ரிங். (ரிங் வழியாக எப்போதும் கொஞ்சம் கசியும்; பலமாகக் கேட்டால்தான் கவலை.) ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் கேஸ்கட் கிழிந்திருக்கிறது, அல்லது ஹெட் விரிசல் விட்டிருக்கிறது. பக்கத்து சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கேட்டாலும் கேஸ்கட்தான்: இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் குறுகிய பட்டை போயிருக்கும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிலிண்டர்களின் எண் சேர்ந்து இறங்கினால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

பழைய கார்களில் எக்ஸாஸ்ட் வால்வு கெடுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் எஞ்சினில் தட்டல் சத்தம் வராது என்று கண்டுபிடித்தார். அந்த ஈயம் வால்வு உட்காரும் இரும்பு விளிம்பின் மேல் படிந்து அதைத் தேயாமலும் காத்தது. ஆனால் ஈயம் விஷம். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். அதனால் உலகம் முழுக்க அதை நிறுத்தினார்கள். பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஈயப் பெட்ரோல் விற்பனை முடிந்துபோனது. நல்ல காரியம்தான். ஆனால் எம்.ஜி.பி. போன்ற கார்களின் விளிம்புகள் தேய ஆரம்பித்தன. விளிம்பு தேய்ந்தால் வால்வு மேலே ஏறி உட்காரும். வால்வுத் தண்டின் மேல்நுனிக்கும் அதைத் தட்டும் ராக்கருக்கும் நடுவில் 0.38 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்; இதை மெக்கானிக்குகள் டேப்பெட் கேப் என்பார்கள். வால்வு ஏற ஏற அந்த இடைவெளி குறைந்து, கடைசியில் காணாமல் போகும். அப்புறம் ராக்கர் வால்வை எப்போதும் லேசாக அமுக்கியே வைத்திருக்கும். மூடாத வால்வில் காற்று கசியும். அதோடு, வால்வு தன் சூட்டை விளிம்புக்குக் கொடுத்துத்தான் ஆறுகிறது. விளிம்பைத் தொடாவிட்டால் சூடு போக வழியில்லை, வால்வின் ஓரம் கருகிவிடும். கருகாத வரை பிழைத்தது. கருகிவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ஒரு எம்.ஜி.பி. பட்டறைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான எஞ்சின், முழுக்க மிதித்த ஆக்ஸிலேட்டர். முதல் சிலிண்டர் 155, இரண்டாவது 110, மூன்றாவது 158, நான்காவது 152. இரண்டாவதில் ஆயில் ஊற்றிய பிறகு 113. காற்றைச் செலுத்தினால் சைலன்சர் குழாயில் 'உஸ்ஸ்' கேட்கிறது. அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பெட்டில் 0.38 மில்லிமீட்டர் தகடு நுழையவே மாட்டேன் என்கிறது. வண்டிக்காரர், "உடனே ஹெட்டைக் கழற்றிடுங்க" என்று அவசரப்படுத்துகிறார். நீங்கள் மெக்கானிக்காக இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள், அதன்பின் எந்த எண்ணை மறுபடி பார்ப்பீர்கள்? காரணத்தோடு ஒரு போஸ்ட்கார்டில் எழுதி அனுப்புங்கள். வெறும் விடை போதாது. ஏன் அப்படி என்பதுதான் வேண்டும்.