எலிக்குப் பலித்தது மருந்தா, அனுபானமா?

சூரணப் பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் நீங்கள் கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம். “டாக்டர், இதைத் தேன்ல குழைச்சு சாப்பிடணுமா, வெந்நீர்லயா?” இந்தத் தேனுக்கும் வெந்நீருக்கும் சித்த மருத்துவத்தில் அனுபானம் என்று பெயர். மருந்தை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் துணை. சில சமயம் துணையே தலைவனாகிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் சுண்டெலிகளுக்கு நடந்த ஒரு சிகிச்சையில் அதுதான் நடந்தது.

முதலில் நோயைப் பார்ப்போம். நம் உடம்பின் செல்களுக்குள் லைசோசோம் என்ற குட்டிப் பைகள் இருக்கின்றன. கழிவையும் கொழுப்பையும் செரித்து, பயன்படுவதைத் திரும்ப அனுப்புவது அவற்றின் வேலை. நீமன்-பிக் ‘சி’ என்ற பரம்பரை நோயில், கொலஸ்ட்ராலை வெளியே அனுப்பும் புரதம் பிறவியிலேயே பழுது. சாக்கடை அடைத்துக்கொண்ட மாதிரி கொலஸ்ட்ரால் பைக்குள்ளேயே தேங்கும். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும். மூளை செல்கள் மெல்ல மெல்ல அழியும். ஓடியாடிய பிள்ளை தடுக்கித் தடுக்கி விழும், பேச்சு குழறும், கண்ணை மேலும் கீழும் அசைக்கத் திணறும்.

இதே கோளாறுள்ள சுண்டெலிகள் சுமார் 3 மாதத்துக்குள் இறந்துவிடும். 2004ல் சான்பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர்கள், மூளையில் இயற்கையாகச் சுரக்கும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளை எலிக் குட்டிகளுக்கு ஊசியில் செலுத்தினார்கள். ஆயுள் இரண்டு மடங்கானது! அந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. கரைப்பதற்காகச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருளைச் சேர்த்திருந்தார்கள். மாவுச்சத்திலிருந்து தயாராகும் ஒருவகைச் சர்க்கரை வளையம் அது. வெறும் அனுபானம்தானே என்று இருந்துவிட்டார்கள்.

2009ல் டல்லாஸ் ஆராய்ச்சியாளர்கள் மருந்தை விட்டுவிட்டு, சைக்ளோடெக்ஸ்ட்ரினை மட்டும் 7 நாள் குட்டிகளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டுப் பார்த்தார்கள். தேங்கிக் கிடந்த கொலஸ்ட்ரால் வெளியேறியது, ஆயுளும் நீண்டது. பெரும்பங்கு வேலை செய்தது அனுபானம்தான்!

ஆனால், அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அதிக அளவில் கொடுத்தபோது பூனைகளுக்கும் எலிகளுக்கும் காது கேட்காமல் போனது. பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டு வழியாக ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் நம்பிக்கை தெரிந்தது. 2018ல் வெளியான பெரிய சோதனையின் முடிவிலோ, மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 2024ல் அமெரிக்கா இந்த நோய்க்கு வேறு இரண்டு மருந்துகளை அனுமதித்திருக்கிறது. அவையும் நோயைக் கட்டுப்படுத்த உதவுபவையே தவிர, வேரோடு நீக்குபவை அல்ல. எலிக்கும் மனிதனுக்கும் நடுவே எவ்வளவு தூரம், பார்த்தீர்களா?

“சித்தத்தில் மருந்து இருக்கா டாக்டர்?” என்று கேட்பீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: இந்த நோயைக் குணமாக்கும் மருந்து எங்களிடம் இல்லை. ‘நிச்சயம் குணம்’ என்று யாராவது சொன்னால், எந்த மருத்துவமுறைக்காரராக இருந்தாலும் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வயிறு உப்பி மண்ணீரல் வீங்கியிருந்தாலோ, வளர்ந்த பிள்ளை திடீரென நடையிலும் படிப்பிலும் பின்தங்கினாலோ, குழந்தை நல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். ‘கண்ணு பட்டிருக்கு’ என்று நாளைக் கடத்தாதீர்கள்.

தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 4ல் 1 வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று நெருங்கிய உறவில் கட்டும்போது அந்த மறைந்த பழுது ஒன்றுசேரும் வாய்ப்பு அதிகம். வீட்டில் ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருந்தால், அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள்.

துணைதானே என்று ஒதுக்கியதையும் தனியே சோதித்துப் பார்த்ததால் ஓர் உண்மை வெளிவந்தது. பிள்ளையின் சின்னத் தடுமாற்றத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள்!