தொடர் கலப்பின மின்சாரச் சரக்குந்துகளில் மின்னியற்றிப் பொறிகள்

தொடர் கலப்பின மின்சாரச் சரக்குந்து என்பது பொறி, மின்னியற்றி, மின்கல அடுக்கு, மின்னோடி ஆகியவற்றைக் கொண்டு இயங்கும் சரக்குந்து ஆகும். இதில் பொறிக்கும் சக்கரங்களுக்கும் இடையே இயந்திர இணைப்பு கிடையாது. பொறி மின்னியற்றியைச் சுழற்றுகிறது. கிடைக்கும் மின்சாரத்தால் மின்னோடி சக்கரங்களை இயக்குகிறது. பெர்டினண்ட் போர்சே 1900 இல் உருவாக்கிய 'செம்பர் விவஸ்' என்னும் தானுந்து இவ்வமைப்பின் முன்னோடிகளுள் ஒன்று.

பொறி சக்கரத்தின் வேகத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை என்பதால், தனக்கு உகந்த சுழல்வேகத்திலேயே அதை இயக்கலாம். இதனால் டீசல் பொறியோடு பிற வகைப் பொறிகளும் ஆராயப்பட்டுள்ளன.

தேவைப்படும் திறன்

40 டன் எடையுள்ள சரக்குந்து சமதள நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்ல ஏறத்தாழ 100 கிலோவாட் திறன் தேவை. ஏற்றங்களில் இது சில மடங்கு உயரும். கூடுதல் திறனை மின்கல அடுக்கு அளிப்பதால், சராசரித் தேவைக்கு ஏற்ற சிறிய பொறியே போதுமானதாகிறது. ஆனால் நீண்ட மலையேற்றத்தில் மின்கலம் தீர்ந்துவிட்டால், வண்டியின் வேகம் மின்னியற்றியின் திறன் அளவுக்குக் குறைந்துவிடும்.

டீசல் பொறி

பெரிய சரக்குந்து டீசல் பொறிகளின் உச்சப் பயனுறுதிறன் பொதுவாக 40 முதல் 46 விழுக்காடு வரை இருக்கும். எரிபொருளும் பணிமனைகளும் எங்கும் கிடைக்கின்றன. எடை, இரைச்சல், நைட்ரசன் ஆக்சைடுகள், புகைக்கரி ஆகியவை இதன் குறைகளாகும். பொறி அடிக்கடி நின்று இயங்கினால் புகைபோக்கியிலுள்ள வினையூக்கி குளிர்ந்து, மாசு நீக்கும் ஆற்றல் குறையும்.

பெட்ரோல், இயற்கை வளிமப் பொறிகள்

பெட்ரோல் பொறி எடையும் விலையும் குறைந்தது. டொயோட்டாவின் கலப்பினத் தானுந்துப் பொறிகளில் பயனுறுதிறன் 41 விழுக்காட்டை எட்டியுள்ளது. எனினும் இடைவிடாத மிகுபளுவுக்கு டீசல் பொறியே நீடித்து உழைக்கும் என்பதால், பெட்ரோல் பொறி இலகு வகை வண்டிகளுக்கே ஏற்றது. இயற்கை வளிமப் பொறியைப் பயன்படுத்திக் கனரகச் சரக்குந்து அமைப்பை உருவாக்கிவந்த அமெரிக்காவின் ஹைலியான் நிறுவனம், 2023 இல் அத்துறையைக் கைவிட்டது.

வளிமச் சுழலி

வளிமச் சுழலியில் அசையும் உறுப்புகள் குறைவு, எடை குறைவு, பலவகை எரிபொருள்களை ஏற்கும். ஆனால் சிறிய சுழலிகளின் பயனுறுதிறன் தாழ்ந்தது. கேப்ஸ்டோன் நிறுவனத்தின் 65 கிலோவாட் சுழலியில் அது ஏறத்தாழ 29 விழுக்காடு ஆகும்.

மேற்கண்ட சரக்குந்து 100 கி.மீ. செல்ல 125 கிலோவாட்-மணி ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட்-மணி ஆற்றல் உள்ளது. மின் இழப்புகளை நீக்கிக் கணக்கிட்டால், 42 விழுக்காடு பயனுறுதிறனுள்ள டீசல் பொறிக்கு 30 லிட்டரும், இச்சுழலியின் பயனுறுதிறனுக்கு 43 லிட்டரும் செலவாகும்.

வால்மார்ட் நிறுவனம் 2014 இல் காட்சிப்படுத்திய மாதிரிச் சரக்குந்தில் சுழலி இடம்பெற்றது. நிக்கோலா நிறுவனம் 2016 இல் சுழலியுடன் அறிவித்த சரக்குந்துத் திட்டத்தை, அதே ஆண்டில் ஐதரசன் எரிபொருள் கலத்துக்கு மாற்றியது.

வாங்கல் பொறி

சுழலும் உருளியைக் கொண்ட இப்பொறி சிறியது, அதிர்வு குறைந்தது. மாஸ்டா 2023 இல் 830 கன செ.மீ. கொள்ளளவும் 55 கிலோவாட் திறனும் உடைய இத்தகைய பொறியைத் தானுந்தில் மின்னியற்றிக்காகப் பொருத்தியது. எரிபொருள் செலவு மிகுதி என்பதாலும் முத்திரைகள் தேய்வதாலும் கனரகச் சரக்குந்துக்கு இது பொருந்துவதில்லை.

நடைமுறைப் பயன்

மின்னியற்றி, மின்மாற்று அமைப்பு, மின்னோடி ஆகியவற்றில் ஆற்றலின் ஒரு பகுதி, பெரும்பாலும் 10 விழுக்காட்டளவு, இழக்கப்படுகிறது. நேரடிப் பற்சக்கர இணைப்பில் இழப்பு இதனினும் குறைவு. எனவே சமதள நெடும்பயணத்தில் தொடர் கலப்பினத்தால் பெரிய ஆதாயம் இல்லை. அடிக்கடி நின்று செல்லும் குப்பை வண்டிகளிலும், சுமையுடன் மலையிறங்கும் மரத்தடி வண்டிகளிலும் தடையாற்றல் மின்சாரமாக மீட்கப்படுவதால் எரிபொருள் மிஞ்சுகிறது. இத்தகைய பணிகளிலும் எரிபொருள் செலவு, நீடித்த உழைப்பு, பழுதுபார்ப்பு வசதி ஆகியவற்றை ஒருங்கே நோக்கினால் டீசல் பொறியே முன்னிற்கிறது.