மருந்தெழுதும் செவிலியர்

லண்டனில் தொண்டை வலி என்று ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளினிக்குக்குப் போகிறவரைப் பல இடங்களில் இன்று பரிசோதிப்பவர் உயர்நிலைச் செவிலியர். விசாரித்து, பரிசோதித்து, நோய் இன்னதென்று முடிவு செய்து, மருந்தும் அவரே எழுதுகிறார். இந்தப் பணிக்கான படிப்பை லண்டனிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 1990இல் தொடங்கியது. மருந்தெழுதும் உரிமை மெல்லத்தான் வந்தது: சட்டம் 1992இல், தகுதி பெற்றவர் தமக்குத் தேர்ச்சியுள்ள நோய்களுக்கு ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுதலாம் என்ற நிலை 2006இல்.

செவிலியர் முதலில் தேடுவது நோயின் பெயரை அல்ல, ஆபத்தை. மூச்சுத் திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அடுத்து, நோயாளி என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற விசாரணை. தைராய்டுக்குக் கார்பிமசோல் எடுப்பவரின் சாதாரணத் தொண்டை வலி, வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடும். அன்றே ரத்தப் பரிசோதனை தேவை. அறிகுறிகளுக்குப் புள்ளியிடும் கணக்கு எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. கேட்கத் தெரிந்தவருக்கே இது பிடிபடும்.

ஆபத்து இல்லையென்றால் ஃபீவர்பெயின் என்ற கணக்கு உதவும். கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல், டான்சிலில் சீழ், நோய் தொடங்கி 3 நாளுக்குள் கிளினிக்குக்கு வந்தது, டான்சில் கடுமையாகச் சிவந்து வீங்கியது, இருமலோ சளியோ இல்லாதது: ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒன்று வரை ஆன்டிபயாடிக் வேண்டாம். நான்கோ அதற்கு மேலோ இருந்தால் தரலாம். கடினமானது இடைப்பட்ட நிலைதான். அங்கே மருந்து தராமலும் விடலாம். சீட்டை எழுதிக் கொடுத்து, 3 முதல் 5 நாளில் குறையத் தொடங்காவிட்டால் மட்டும் வாங்கச் சொல்லவும் செய்யலாம். எந்த முடிவானாலும், என்ன நேர்ந்தால் திரும்பி வரவேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புவதும் சிகிச்சைதான். அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுவே.

தென்கிழக்கு லண்டனிலும் கென்ட்டிலும் ஐந்து கிளினிக்குகளில், சிறு நோய்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியரை டாக்டர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2000இல் வெளியானது. 1,815 நோயாளிகள் பங்கேற்றனர். டாக்டர் சுமார் 8 நிமிடமும் செவிலியர் சுமார் 10 நிமிடமும் எடுத்துக்கொண்டனர். நோயாளிகளின் திருப்தி செவிலியரிடம் சற்றுக் கூடுதல். செவிலியர் பார்த்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு டாக்டரின் உதவியே தேவைப்படவில்லை. மற்றவர்களுக்காக டாக்டரை நாடியதைக் குறையாக எண்ணக் கூடாது. எங்கே நிறுத்திக் கேட்க வேண்டும் என்று அறிவதும் இந்தப் பயிற்சியின் பாடமே.